பதினான்காம் கொட்டகையில் இரண்டு புகை

காலை 6.40. ரத்தோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பதினான்காம் கொட்டகை. அதன் தகரக் கூரையின் இரண்டு முனைகளிலும் தனித்தனியாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. ஐந்து மாதமாகத் தினமும் பார்த்த புகை. அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் போன பிறகு முப்பத்தொரு குடும்பங்களைத் தோட்டப் பாடசாலை மைதானத்தில், தகரக் கொட்டகைகளில் தங்கவைத்திருந்தோம். நான் அவர்களுக்கான சமூக சேவை இணைப்பாளர். தொலைந்த அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலை மாற்றம், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி, கிளினிக் நாள், குடித்துவிட்டு வரும் சண்டை, எதுவானாலும் உரிய அலுவலகத்தையும் உரிய ஆளையும் ஓரிடத்தில் உட்காரவைப்பதுதான் என் வேலை.

அன்று பெரிய நாள். புதிய வீடுகள் முப்பத்திரண்டும் தயார். பிற்பகல் இரண்டு மணிக்கு டவுன் மண்டபத்தில் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த வீடு என்று முடிவு செய்யவிருந்தார்கள். பட்டியலில் முப்பத்தொரு பெயர்கள். மிஞ்சும் ஒரு வீடு வேறொரு தோட்டத்தின் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும் என்று கடிதம் வந்திருந்தது. நான் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

முந்தின நாள் மாலை நான் ஒட்டிய பட்டியலின் முன், இடுப்பில் சின்ன மகளோடு மகேஸ்வரி நின்றாள்.

"மிஸ், எம் பேரு இல்ல."

"அப்பா பேர்ல இருக்கே மகேஸ். சுப்பையா, கொட்டகை பதினாலு, எட்டுப் பேர்."

"அது அப்பா குடும்பம் மிஸ். அப்பா, அம்மா, தம்பிங்க ரெண்டு பேரு. நாங்க நாலு பேரு வேற. மூணு வருசமா தனியாத்தான் ஆக்குறோம். அந்தா பாருங்க, அந்தப் பக்கம் பொகையிறது எங்க அடுப்பு."

தவறு என்னுடையது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கணக்கெடுப்பு நாளில் தோட்டத்து வழக்கப்படிதான் கேட்டேன்: எந்த லயம், எத்தனாவது காம்பரா, காம்பராவில் எத்தனை பேர்? தோட்டப் பதிவுகளில் ஒரு காம்பரா, அதாவது லயத்தின் ஓர் அறை, என்றால் ஒரு குடும்பம். நடுவில் சேலையைக் கட்டி மறைத்து, மணமான மகளோ மகனோ அந்தப் பக்கம் தனிக்குடித்தனம் நடத்துவது எந்தப் பதிவிலும் ஏறாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் கேட்கவில்லை. "எட்டுப் பேரு மிஸ், எல்லாம் ஒரே குடும்பம்" என்றார் சுப்பையா. எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

இரண்டு மணிக்குள் மகேஸ்வரியின் பெயர் ஏறாவிட்டால், எட்டுப் பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே இரண்டு அறை. மறுபடியும் நடுவில் சேலை.

சுப்பையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பம் என்று மாற்றிச் சொல்லும்படி கேட்டேன். பிரச்சினை மருமகன் ரவி. அவனுக்குத் தோட்டத்தில் வேலை எடுத்து, செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவில் பேர் பதிந்து கொடுத்தவர் சுப்பையா. ஒரே வருடத்தில் ரவி பேரை வெட்டிக்கொண்டு தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு அடுப்பு.

"சபையில வச்சு எங்கூடு ரெண்டாப் போச்சுன்னு நான் சொல்லணுமா? எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும் மிஸ்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

இரண்டும் தனிக் குடும்பம் என்று காட்ட வேறு பதிவு வேண்டும். யோசித்ததில் ஒரே ஓர் ஆள் நினைவுக்கு வந்தார்: மிட்வைஃப். கர்ப்பம், பிரசவம், தடுப்பூசி என்று அவர் காம்பராக் கணக்கில் பதிவதில்லை; தம்பதிக் கணக்கில் பதிகிறார். பத்து மணி வரை ஏழு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. கிளினிக்கில் விசாரித்தால், மாத்தளையில் பயிற்சி வகுப்பாம்.

மாத்தளைக்குப் போக நிஸாம் நானாவின் த்ரீவீல் ஆட்டோவில் ஏறினோம். மகேஸ்வரி, குழந்தை, நான். வளைவுக்கு வளைவு "கொஞ்சம் வெரசா நானா" என்றேன்.

"மிஸ், இது த்ரீவீலு. ஹெலிகொப்டர் இல்ல."

வகுப்பு இடைவேளை விட்டபோது மணி 12.15. மிட்வைஃப் கையில் பிளேன்டீக் கோப்பையோடு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரே காம்பராவுல மூணு சோடி இருக்கிற வீடெல்லாம் என் ரெஜிஸ்டர்ல இருக்கு மிஸ். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கணும். இப்ப அதைத் தாங்க."

"அதைக் குடுக்க ஏலாது. வேணும்னா நான் வந்து காட்டுறேன்."

பாதிப் பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அவரும் ஏறினார். திரும்பும் வழியில் குழந்தை அவர் மடியில் தூங்கியது.

1.40க்கு மண்டபத்தில் நுழைந்தோம். மேசை மேல் பால்மா டின். அதற்குள் மடித்த சீட்டுகள். ரவி தம்புள்ளையிலிருந்து வந்து பின்சுவரோரம் நின்றான். சுப்பையா முன்வரிசையில்.

வீடமைப்பு உத்தியோகத்தர் பதிவேட்டை நிதானமாகப் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொன்னது இது: "இதன்படி இரண்டு குடும்பம். ஆனால் எட்டுப் பேரும் ஒரே குடும்பம் என்று தகப்பன் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் வாயால் மாற்றிச் சொல்லட்டும், எழுதிக்கொள்கிறேன்."

சுப்பையாவை அழைத்தார்கள். எழுந்து, வெள்ளைச் சட்டையின் பொத்தானைச் சரிபார்த்தபடி நின்றார். மண்டபம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. மகேஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மணி 1.52.

பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்: "ஏன் சுப்பையாண்ணே, மருமவனுக்கு ஒரு வாய் சோறு போட மாட்டேன்னுட்டீங்களோ?"

சிரிப்பு எழுந்தது. சுப்பையா சட்டென்று திரும்பினார்.

"நான் போட்டேன்டா! அவந்தான் திங்க மாட்டேன்னு தனியா அடுப்பு வச்சான்! மூணு வருசமா ரெண்டு அடுப்பு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அவர் ரவியைப் பார்த்தார், பிறகு பேத்தியைப் பார்த்தார். உத்தியோகத்தரிடம் மெதுவாகத் திரும்பச் சொன்னார்: "ரெண்டு அடுப்புங்க ஐயா. ரெண்டு குடும்பம்னு எழுதிக்குங்க."

1.56க்குக் கையெழுத்து. முப்பத்திரண்டாவது பெயரை என் கையாலேயே எழுதினேன். அவசரத்தில் கோணலாக விழுந்தது. மகேஸ்வரி எடுத்த சீட்டில் வந்தது 27. தகப்பனுக்கு 5. அவள் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். நிஸாம் நானா வாசலில் நின்று விசில் அடித்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காம்பராவில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். பின்பக்கம் போய் அடுப்பை எண்ணுங்கள். ஆண்களிடமும் பெண்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கையெழுத்து வாங்குமுன் மிட்வைஃபிடம் ஒரு தடவை பேசுங்கள்.

எல்லோரும் குடிபோன நாள் மாலை ஐந்தரைக்கு வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஐந்தாம் வீட்டில் அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. சுப்பையாவும் மனைவியும் மகன்களும் 27ஆம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.