பத்து நிமிஷம்

மேல்வரிசைக் கோரைப்பல்லை மெழுகில் பதித்துவிட்டு, சூடான கத்தியால் ஈறு வரைந்துகொண்டிருந்தாள் குக்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பல் செட் செய்யும் அந்தப் பட்டறையில் மூன்று பேர்தான். இந்தப் பெயரைச் சூட்டியவர் முதலாளி. "அடுத்த விசில் எப்பன்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

ஆனால் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பல்லெல்லாம் போன ஒரு பெரியவர் எதையும் மெல்ல முடியாமல் விழுங்கியே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவருடைய தாடையின் பிளாஸ்டர் மாவு வார்ப்போடுதான் மூன்று மணி நேர மல்லுக்கட்டு. வார்ப்பை ஊற்றித் தந்தவள் மாவு அக்கா, பட்டறையின் மூன்றாவது ஆள். திங்கட்கிழமை குக்கருக்கு அக்கா தெய்வம். புதன்கிழமைக்குள் துரோகி. வெள்ளிக்கிழமை மறுபடி தெய்வம். இந்தப் பதவி உயர்வெல்லாம் அக்காவுக்குச் செல்போனில் உடனுக்குடன் வந்து சேரும்.

அப்படித் தெய்வமாக இருந்த அன்றைக்குத்தான் அக்கா வாயைக் கொடுத்தாள். "கிளினிக்ல இந்த செட்ட குடுத்துட்டு பத்து நிமிஷத்துல வந்துடறேன்டி. சேர்ந்து சாப்பிடலாம்."

அரைமணி என்றிருக்கலாம். அடுத்த வாரம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

குக்கருக்கு ஆறு வயதில், அவளையும் தம்பியையும் மாமா வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து, பத்து நிமிஷத்தில் வருவதாகச் சொல்லிப் போனாள் அம்மா. வராமல் இல்லை, வந்தாள். நாலு வருஷம் கழித்து, கையில் ஒரு பொம்மையோடு. அதுவரை அத்தை அருமையாக வளர்த்தாள். அழுதால் குளியலறையில் வைத்துப் பூட்டுவாள். அழுகை நின்றால் திறப்பாள். பிள்ளை வளர்ப்பில் இத்தனை சிக்கனமான முறையை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

வளர்ந்த பிறகு மனநல மருத்துவர் 'எல்லைநிலை ஆளுமைக் கோளாறு' என்று எழுதித் தந்தபோது, துணைக்கு வந்திருந்த அத்தை தாளைப் பிடுங்கி வாசித்தாள்.

"கோளாறா? கொழுப்புன்னு எழுதுங்க டாக்டர். இவ தம்பியும் எங்க வீட்லதானே வளந்தான்? அவன் தங்கமா இல்லையா?"

"ஒரே மழைல நனைஞ்சாலும் ஒருத்தருக்குத் தும்மல், ஒருத்தருக்கு நிமோனியா. நனைஞ்சது ரெண்டு பேரும்தாம்மா."

"எங்க வீட்ல மழையா?" என்று கேட்டாள் அத்தை. அதோடு விசாரணை முடிந்தது.

அக்கா கிளம்பிய பதினோராம் நிமிஷம் குக்கர் முதல் செய்தி அனுப்பினாள்: 'எங்க இருக்க?' இருபதாம் நிமிஷம்: 'என்னப் பிடிக்கலன்னா சொல்லித் தொலை.' முப்பதாம் நிமிஷம்: 'இனி என் மூஞ்சில முழிக்காதே.' உடனே அடுத்தது: 'அக்கா, ப்ளீஸ் வா.' கோபம் வந்தால் போனைத் தொடுமுன் நூறு வரை எண்ணச் சொல்லியிருந்தார் மருத்துவர். பன்னிரண்டு வரை எண்ணினாள். பிறகு அக்கா ஊற்றிய வார்ப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். தன் மூன்று மணி நேர உழைப்பும் அதன்மேல்தான் ஒட்டியிருக்கிறது என்பது, பற்கள் மேசைக்கடியில் சிதறியபோதுதான் உறைத்தது.

நாற்பதாம் நிமிஷம் அக்கா வந்தாள். கிளினிக்கில் பல் டாக்டர் நிற்கவைத்து அளவு திருத்தியிருக்கிறார். போன் பைக்குள் கிடந்தது. சுவரைப் பார்த்தாள். இருபத்து மூன்று செய்திகளையும் நின்றபடியே படித்தாள்.

"நீயும் போயிடுவ, எனக்குத் தெரியும். போ!" என்றாள் குக்கர், அக்காவின் கையைப் பிடித்த பிடியை விடாமலே.

அக்கா பிடியை விலக்கினாள். "நான் பயங்கர கோவமா இருக்கேன்டி. இன்னிக்கு உன்கிட்ட பேசமாட்டேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வருவேன்."

குக்கருக்குக் கணக்கு உதைத்தது. கோபப்படுகிறவர்கள் கதவைப் பூட்டுவார்கள், அல்லது கிளம்பிவிடுவார்கள். கோபமாகவே இருந்துகொண்டு மறுநாள் வேலைக்கு வருகிற ரகத்தை முப்பத்து நாலு வயதுவரை அவள் கண்டதில்லை. யாரும் காட்டவுமில்லை.

மறுநாள் ஏழு மணிக்கே வந்து பட்டறையைத் திறந்தாள். பற்களைப் பொறுக்கிக் கழுவினாள். பெரியவரின் வாயில் அளவெடுத்த ரப்பர் அச்சு நல்லவேளையாகப் பத்திரமாக இருந்தது. தானே மாவு கலக்கி அதில் ஊற்றினாள். எட்டு அடித்தது. அக்கா இல்லை. எட்டு ஐந்து. கட்டைவிரல் தானாகப் போன்மேல் போயிற்று. 'பொய் சொல்லிட்ட' என்று அடித்தாள், அழித்தாள். போனை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு எண்ணினாள். நூறு முடிந்தும் யாரும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

எட்டு பத்துக்கு அக்கா உள்ளே வந்து பையை மாட்டினாள். புது வார்ப்பை அச்சிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாள்.

"கடைவாய்ல குமிழி. இதுல பல் கட்டினா அந்தப் பெரியவர் ஆயுசுக்கும் முழுங்க வேண்டியதுதான். திரும்ப ஊத்து."

"இன்னும் கோவமாக்கா?"

"ஆமா. தண்ணியக் கொஞ்சமா விடு."

குக்கர் தண்ணீரைக் குறைத்து, மாவைக் கலக்க ஆரம்பித்தாள்.