மஞ்சள் நூல் கட்டிய ஒயர்

நாமக்கல்லை அடுத்து, குஞ்சு பொரிக்கிற ஹேட்சரி ஒன்றில் அங்கம்மாள் பன்னிரண்டு வருடமாகக் கூட்டித் துடைக்கிறாள். ஐந்தாவது வரை படித்தவள். தினமும் முட்டைகள் அடை இருக்கும் மூன்று மெஷின்களையும் கும்பிட்ட பிறகுதான் துடைப்பத்தைத் தொடுவாள்.

மெஷின்களுக்குள் எவ்வளவு சூடு என்பதை ஒவ்வொன்றின் முகப்பும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் காட்டும். மூன்றாம் மெஷினில் முகப்பு கெட்டு ஆறு மாதமாகிறது; அதன் சூட்டைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். அதில் பதினான்கு நாள் அடையிருந்த முட்டைகள் பதினைந்தாயிரம். சூடு ஒன்றிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறி நின்றால் அத்தனையும் போய்விடும்.

அன்று காலை சேலம் அம்மாபேட்டையிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மதுமதி வந்து, கம்ப்யூட்டரை இயக்கும் பழைய லினக்ஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். பின்பக்கம் மெஷின்களுக்கு ஒன்று, வெளியே இன்டர்நெட்டுக்கு ஒன்று என இரண்டு ஒயர்கள் செருகும் துளைகளுக்கு ஈத் சீரோ, ஈத் ஒன்று என்று இருந்த பெயர்களைப் புது லினக்ஸ் மாற்றி, நீளமாக வேறு இரண்டு பெயர் வைத்துக்கொண்டது. பழைய முதல் பெயருக்குப் புது முதல் பெயர், இரண்டாவதற்கு இரண்டாவது என்று மதுமதி வரிசையாக மாற்றி எழுதினாள். திரையில் சூடு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கோடுகள் வந்தன.

"ஓடற வண்டிய நிறுத்தறதுக்கு சேலத்துல இருந்து ஆள் வரணுமாக்கும்," என்றார் முதலாளி காளியண்ணன்.

"மெஷின் பக்கந்தான் கோளாறுங்க சார். பேரெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன்."

அரை மணி நேரம் போயிற்று. அங்கம்மாள் மூன்றாம் மெஷினின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. திரும்பி வந்து வாசலில் நின்றாள். கம்ப்யூட்டர் மேல் 'தொடாதே' என்று முதலாளி ஒட்டிய காகிதம் இருந்தது. அங்கம்மாள் மனதுக்குள் அங்காளம்மனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, மஞ்ச நூல் கட்டுன ஒயருதானுங்க மெஷினுக்குப் போறது. அது மேல் ஓட்டைல இருக்குது."

"மெஷினுக்குக் கீழ் ஓட்டைன்னுதானே நான் எழுதியிருக்கேன். நூல் யாரு கட்டினதுக்கா?"

"நானுங்க. ஆயுத பூசைக்கு ரெண்டையும் புடுங்கித் தொடச்சுப் பொட்டு வெப்பனுங்க. போன வருசத்துக்கு முந்தின வருசம் மாத்திச் சொருகிப்போட்டேன். இப்பிடியேதான் மூணு கோடு வந்துது. மறுக்கா மாத்தினதும் சரியாப்போச்சு. அதுக்குத்தான் நூல் கட்டினேன்."

காளியண்ணன் காகிதத்தைப் பார்த்தார். அப்புறம் அங்கம்மாளைப் பார்த்தார். "தொடாதேன்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"தெரியுமுங்க. சாமி காரியம்னு தொட்டனுங்க."

புது லினக்ஸ் துளைகளைத் தலைகீழ் வரிசையில் எண்ணியிருந்தது. மதுமதி இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி எழுதினாள். திரையில் எண்கள் வந்தன. தொண்ணூற்று ஒன்பதரை, தொண்ணூற்று ஒன்பதரை, நூற்று ஒன்று. அலாரம் அடிப்பதற்குள் அங்கம்மாள் போய் மூன்றாம் மெஷினின் காற்றுத் திறப்பை அகலமாக்கினாள். கால் மணி நேரத்தில் அதுவும் தொண்ணூற்று ஒன்பதரைக்கு இறங்கியது.

"அடுத்த தடவை லினக்ஸ் மாத்தினாலும் மாறாத மாதிரி நாமளே பேரு வெச்சுக்கலாம். சொல்லுங்கக்கா."

அங்கம்மாள் யோசித்தாள். "மெஷினுக்குப் போறது குஞ்சு. வெளிய போறது ரோடு."

மதுமதி அப்படியே எழுதினாள்.

"இந்த வருசம் புடுங்காமப் பொட்டு வையி," என்றார் காளியண்ணன்.

"சரிங்க."

அன்றிலிருந்து ஏழாம் நாள் மூன்றாம் மெஷின் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகளின் சத்தத்தில் ஆபீஸில் போன் பேச முடியவில்லை. அங்கம்மாள் கும்பிட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.