சிசிலியின் தளபதியும் எங்கள் மாமியும்

இருபத்திரண்டு போடுகிறேன் என்றார் பேராசிரியர். முப்பதுக்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். இத்தாலியில் அப்படிச் செய்யலாம். வாய்மொழிச் சோதனையில் தரும் புள்ளி பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு அடுத்த தவணையில் மறுபடியும் போய் உட்காரலாம். இதை எங்கள் வீட்டில் விளங்கப்படுத்துவதுதான் பெரிய சோதனை.

"தந்ததை வேண்டாமெண்டு வந்தியோ?" என்றார் அம்மா. கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு சீனியோராவின், அதுதான் இத்தாலிய எசமானியின், வீட்டு வேலை முடித்து வந்து, இன்னும் செருப்புக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு அது காணாதம்மா."

"ஐஞ்சாம் வகுப்போடை நிண்ட எனக்கே தெரியும், அது பாஸ் எண்டு. மகாராணிக்குக் காணாதாம்!"

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. பயமும் இருந்தது. ஜூலைத் தவணையிலும் கோட்டைவிட்டால் உதவித்தொகை போய்விடும். பிறகு நானும் காலையில் அம்மாவோடு மொண்டெல்லோ பஸ் ஏற வேண்டியதுதான்.

பழைய ரோம ஆட்சி எப்படி மெல்ல மெல்லப் பைசாந்திய ஆட்சியாக மாறியது என்பதுதான் பாடம். பேராசிரியர் ஓர் ஈய முத்திரையின் படத்தைக் காட்டினார். கடிதத்தில் தொங்கவிடும், காசளவு முத்திரை. நாங்கள் இருக்கும் இதே சிசிலியின் பழைய தளபதி ஒருவருடையது. இவருக்கு என்ன வேலை என்று கேட்டார். படை நடத்துவது என்றேன். அவ்வளவுதானா என்றார். நான் பேரரசர்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிக்கத் தொடங்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குக் கிட்ட, ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில் மண்டபத்தில் அது நடக்கிறது. அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததற்குப் பல்கலைக்கழகத்தில் காட்ட எனக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது. அப்பாவின் தங்கைதான் அதிபர். மாமி கடிதத்தில் முத்திரை குத்தித் தந்தார். 'பொருளாளர்' என்றிருந்தது.

"மாமி, நீங்கள் அதிபரெல்லோ?"

"ஓம். அதிபரின்ரை முத்திரையை முந்தின அதிபர் லண்டனுக்குக் கொண்டு போயிட்டார். இருக்கிறதைக் குத்துறன்."

"அப்ப பொருளாளர்?"

"அவரும் லண்டன்."

"செயலாளர்?"

"பேர்மிங்காம். கேள்வி கேக்காமல் பிடி பிள்ளை. கதவுத் திறப்பும் நான்தான், சோதனைத் தாளும் நான்தான், தேத்தண்ணியும் நான்தான்."

நான் சின்னவளாக இருந்தபோது அதிபர் வேறு, பொருளாளர் வேறு. ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்றே அப்படி வைத்திருந்தார்கள். ஆட்கள் போகப் போக, ஒரு கூட்டமும் வைக்காமலே எல்லாம் மாமியிடம் வந்து சேர்ந்துவிட்டன. பதவிகளின் பெயர்கள் மட்டும் பழையபடி. கடிதத்தைப் பிடித்தபடி நின்று சிரித்தேன்.

"என்னடி இளிப்பு?"

"நீங்கள் பைசாந்தியம், மாமி."

"கொப்பரிட்டைச் சொல்லுறன் பார்." அப்பாவிடம் சொல்லிவிடுவாராம்.

ஜூலையில் அதே படம் வந்தது. முத்திரையில் இருப்பது பதவியின் பெயர். அதை வைத்து அந்த ஆளின் வேலையைச் சொல்ல முடியாது என்றேன். பணமும் படையும் ஒரே கையில் இருந்தால் ஆபத்து என்று ரோமர்கள் ஆளுநரையும் தளபதியையும் பிரித்து வைத்தார்கள். போர் நெருங்கி, வருவாய் குறைந்து, ஆட்கள் போதாமல் போனபோது, ஆளுநரின் வேலைகள் ஒவ்வொன்றாகத் தளபதியின் மேசைக்கு நகர்ந்தன. எந்த நாளில் என்று சொல்ல முடியாது. பழைய பெயர்கள் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தன.

"எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?" என்றார் பேராசிரியர். மாமியின் கதையைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, அந்தப் பழைய ஆபத்து என்னவாயிற்று என்று கேட்டார்.

"நடந்தது. சிசிலியின் தளபதிகள் சிலர் பேரரசரையே எதிர்த்துக் கிளம்பினார்கள்."

"உங்கள் மாமி?"

"இன்னும் முடி சூடவில்லை, ப்ரொஃபெஸ்ஸோரே."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"எத்தினை?"

"இருபத்தெட்டு."

"அதையாவது எடுத்தனியோ?"

"எடுத்தனான்."

போனைக் காதிலிருந்து எடுத்து, பக்கத்தில் நின்ற சீனியோராவிடம் அம்மா தன் இத்தாலிய மொழியில் கத்துவது கேட்டது. முப்பது என்றார்.

"அம்மா, இருபத்தெட்டு."

"இவவுக்குச் சொல்லேக்கை முப்பது. நீ பேசாமல் போனை வை."