முஸ்கான் கேட்ட எண்பத்து மூன்று

அன்புராஜுக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த ஆண்டு முழுக்கத் துடைத்துக்கொண்டேதான் இருந்தார்.

நெட்டப்பாக்கத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. வில்லியனூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கணினி மையப் பொறுப்பாளர். அறுபது சர்வர்கள் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் கிளஸ்டர் அங்கே இருக்கிறது. அறுபதும் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் பொதுவாக ஒரு பெரிய சேமிப்பகம் வேண்டும். அதைத் திட்டமிடும் வேலை இவர் தலையில் விழுந்தது.

ஒழுங்காகத்தான் தொடங்கினார். இப்போது எவ்வளவு தரவு இருக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டு எல்லாருக்கும் படிவம் அனுப்பினார். “நிறைய” என்று மட்டும் எழுதியவர்கள் மூன்று பேர். வேதியியல் துறைத்தலைவர் கலைவேந்தன் நானூறு டெராபைட் கேட்டார்.

“இப்ப எவ்ளோ சார் இருக்குது?”

“ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான்பா.”

“அப்புறம் இன்னாத்துக்கு நானூறு?”

“நானூறு கேட்டாத்தான எறநூறாவது குடுப்பீங்க?”

கரும்பு வெட்டுக்குப் பத்து ஆள் சொன்னால் அஞ்சு ஆள் வரும் என்று பார்த்து வளர்ந்தவருக்கு இது புரியாத கணக்கல்ல. புரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடவும் இல்லை. எல்லாரிடமும் பேசிப் பேசி வாய் வலித்துப்போய், ஒரு வெள்ளிக்கிழமை அத்தனை எண்களையும் எக்செல்லில் போட்டு இரண்டால் வகுத்தார். வாங்கப்போகும் அளவுக்குள் அடங்கியது. விட்டதடா சனி என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பட்டியலில் முஸ்கானும் இருந்தாள். வில்லியனூரில் துணிக்கடை வைத்திருக்கும் நூருல் அமீனின் மகள், ஆராய்ச்சி மாணவி. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் வந்தால் எந்தத் தெரு எத்தனை மணிக்கு முழுகும் என்று பத்து வருட மழையை வைத்துக் கணக்கிடுகிறாள். அவள் கேட்டது எண்பத்து மூன்று டெராபைட். ஏன் எண்பத்து மூன்று என்று இரண்டு பக்கம் எழுதி இணைத்தும் இருந்தாள். அதை அன்புராஜ் திறக்கவே இல்லை.

நவம்பரில், ஆய்வுக்குழுவிடம் முடிவுகளைக் காட்டப் பதினெட்டு நாள் இருக்கும்போது, அவளுடைய கணக்கு பாதியில் நின்றது. இடம் தீர்ந்துவிட்டது. அந்த இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு வந்தாள்.

“சார், இத படிச்சீங்களா?”

“படிக்கலம்மா.”

பொய் சொல்லவில்லை, அந்த மட்டும் சரி. உடனே கலைவேந்தனிடம் ஓடினார். அவருடைய இருநூறில் பத்துகூட நிரம்பவில்லை.

“இப்ப வுட்டுக் குடுத்துட்டா அடுத்த வாட்டி எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது?” என்றார் அவர்.

துறைத்தலைவர் கையெழுத்தில்லாமல் யாருடைய ஒதுக்கீட்டையும் தொடக்கூடாது என்ற விதியை எழுதியது யார்? சாட்சாத் அன்புராஜேதான். அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. இடம் சும்மா கிடக்கிறது, கொடுக்க வழியில்லை.

முஸ்கான் பத்து வருட மழையை ஐந்தாகக் குறைத்து முடிவுகளைக் காட்டினாள். ஐந்து போதாது, முழுதாகச் செய்து அடுத்த ஆண்டு கொண்டு வா என்று குழுவினர் அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் வீணாகப் போயிற்று.

அடுத்த ஒதுக்கீட்டுக்குப் படிவங்கள் வந்தபோது அன்புராஜ் முதலில் அவளுடையதைத்தான் திறந்தார். நூற்று அறுபத்தாறு என்று இருந்தது. இணைப்பு எதுவும் இல்லை. ஃபோன் செய்தார்.

“கணக்கு எங்கம்மா? இந்த வாட்டி நான் படிக்கிறேன்.”

“வேணாம் சார்” என்றாள் முஸ்கான். “நீங்க பாதி குடுங்க, போதும்.”