கூரையில் விழாத பல்

எனக்கு எட்டு வயதாகியும் ஒரு பல்கூட ஆடவில்லை. ஆறு வயதுத் தங்கைக்கு முன்பல்லே விழுந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பொக்கை வாய்க்கு என்ன பெருமை! எனக்கு வயிறு எரிந்தது.

விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும் என்பார்கள்.

"எனக்கு எட்டலைக்கா, நீ போடு" என்று உருண்டையை என்னிடம் கொடுத்தாள்.

அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். உருண்டையைச் சாக்கடையில் போட்டுவிட்டு, ஒரு கல்லைக் கூரைமேல் எறிந்தேன். தகரம் டங்கென்றது.

"விழுந்திருச்சு!" என்று கைதட்டினாள்.

அவளுக்கு முல்லை மொட்டுப்போல் பல் முளைத்தது. பிறகு விழுந்த என் பல்லை அப்பாவே கூரையில் எறிந்தார். எனக்குக் கோணலாகத்தான் முளைத்தது. இன்றும் அவள் சிரித்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.