அரையிறுதியில் நாற்காலியை விட்டு எழுந்தவரோடு ஜவ்வாது மலைக்கு

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் அருவி, ஏரி, குளிர் என்று ஏதாவது காரணம் சொல்வார்கள். நான் போனது கிரிக்கெட்டால். சிரிக்காமல் படியுங்கள்.

இந்த முறை கோப்பையில் நம்ம அணி அரையிறுதியோடு மூட்டை கட்டியது. எந்தக் கோப்பை, யார் எப்படி அவுட் ஆனார் என்று எழுத மாட்டேன், எழுதினால் மறுபடியும் வயிறு எரியும். லீக் ஆட்டங்களில் புலியாகப் பாய்ந்தவர்கள் முக்கியமான நாளில் பூனையாகப் பதுங்கினார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதிலிருந்து பார்க்கிறேன், இப்போது நாற்பத்து மூன்று. இத்தனை வருஷமும் இவர்களை நம்பி நகத்தைக் கடித்துத் துப்பியதற்கு ஒரு கைம்மாறு வேண்டாமா?

எங்கள் வீட்டில் மேட்ச் பார்க்க ஒரு சட்டம் உண்டு, போட்டது நான். யார் எங்கே உட்கார்ந்திருக்கும்போது விக்கெட் விழாமல் இருக்கிறதோ, அவர் அங்கேயே உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் குமரவேலுக்குக் கிடைத்தது ஃபிரிட்ஜ் பக்கத்துச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அவருக்கு கிரிக்கெட்டே ஆகாது. ஆனாலும் எனக்காக லீக் ஆட்டம் முழுக்க அதில் உட்கார்ந்தார். அரையிறுதி அன்று அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. எழுந்தார். அதே பந்தில் விக்கெட் போனது. அதன் பிறகு ஆட்டமே போனது.

"நீங்க கை வெச்சது எதுதான் உருப்பட்டுச்சு?" என்றேன்.

வாய் தவறி வந்ததென்று சொல்ல முடியாது, கோபத்தில் தெரிந்தே சொன்னேன். அவர் எட்டு வருஷம் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை வாசலில் ரோடு வேலை மாசக்கணக்கில் இழுத்து, வாடிக்கை போய், போன வருஷம் மூடினார். இப்போது இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு இருக்கிறார். சத்துவாச்சாரியில் ஒரு சின்ன கடை பார்த்து, மறுபடி ஆரம்பிக்க எல்லாம் பேசி முடித்திருந்தார். நான் அப்படிச் சொன்ன நாலாம் நாள், அந்தக் கடையின் சொந்தக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது கடைக்காரர் வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம், அதற்குள் அவர் மனசை மாற்று என்றார்கள். அதற்காகத்தான் இந்தப் பயணம். வீட்டில் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பேச எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை 5.40-க்கு வேலூரிலிருந்து வண்டியை எடுத்தோம். கண்ணமங்கலம் வழியாகப் போளூர், எங்கள் மீட்டரில் 55 கிலோமீட்டர். பெட்ரோல் 400 ரூபாய்க்கு அடித்தால் போய் வரப் போதும். படவேடு பக்கம் கரும்புக் காடும் நெல் வயலும் ஈரமாக, பனி இறங்கி அழகாகத்தான் இருந்தன. நான் பின்னால் உட்கார்ந்து அதைக் காட்டினேன், இதைக் காட்டினேன். அவர் 'ம்' என்றார். கோபித்துக்கொண்டு கத்துகிற மனுஷனாக இருந்தால் சமாளிக்கலாம். இவர் மரியாதையாக 'ம்' கொட்டுவார், நமக்கு உசிர் போகும்.

போளூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிபன். இட்லி, பொங்கல், காபி, இரண்டு பேருக்கு 130 ரூபாய். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் அரையிறுதியைப் போட்டு அலசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பாதிக் காபியில் எழுந்துபோய் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டார். அந்தக் காபியை நான் குடித்தேன், கசந்தது.

அத்திமூர் தாண்டினால் மலைப்பாதை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் 42 கிலோமீட்டர், எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது, நடுவில் நாலு இடத்தில் நின்றதால். நிற்காமல் எப்படிப் போவது? ஒரு வளைவில் திரும்பினோம், கீழே நாங்கள் வந்த சமவெளி மொத்தமும் தெரிந்தது. ஏரிகள் ஒவ்வொன்றும் சில்லறைக் காசு மாதிரி மின்னின. அடுத்த வளைவில் அதெல்லாம் இல்லை, வெறும் வெள்ளை மேகம். மேகத்துக்கு மேலே நிற்கிறோம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யப்பா! எழுபது கிலோமீட்டர் தூரத்தில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் டிவியைப் பார்த்திருக்கிறேன். அவரும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஏதாவது சொல்வாரென்று காத்திருந்தேன், அவர் மறுபடி வண்டியை எடுத்தார்.

விடுதி அறைக்கு 1,200 ரூபாய். சனிக்கிழமை மத்தியானம் பீமன் மடவு அருவி. மழை பெய்திருந்ததால் முழுசாக விழுந்தது. நெஞ்சுக்குள் அதிர்கிற சத்தம். பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அங்கேயே பேசிவிடலாமா என்று நினைத்தேன், அவருக்குக் கேட்காது என்கிற தைரியத்தில்தான். அது பேச்சில் சேர்த்தியா? விட்டுவிட்டேன். சாயந்திரம் கோலப்பன் ஏரி. நல்ல ஏரிதான், ஆனால் என் கண்ணில் எதுவும் நிற்கவில்லை. ஒரு நாள் போய்விட்டது, மிச்சம் ஒரு நாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, சும்மா ஒரு பாதையில் போவோம் என்று கிளம்பினோம். பதினோரு கிலோமீட்டரில் ஒரு மலையூர். பெயர் எழுத மாட்டேன். கார்களில் கூட்டமாக வந்து பாட்டிலைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் எழுதாதே என்று கேட்டுக்கொண்டார்கள், நியாயம்தானே. அங்கே சாமை அறுத்து முடித்த ஒரு மேட்டு நிலத்தில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. கிரிக்கெட் முகத்திலேயே விழிக்கக் கூடாதென்று மலை ஏறினால், மலை உச்சியில் கிரிக்கெட்!

அந்த மைதானத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மூன்று பக்கம் புளியமரங்கள், நாலாவது பக்கம் எதுவும் இல்லை. நிலம் அப்படியே முடிந்து பள்ளம் ஆரம்பிக்கிறது. அதற்கப்பால் மலை, அதன் பின்னால் இன்னொரு மலை, நீலமாக, வெளிறி வெளிறி, எண்ண முடியவில்லை. பந்து பள்ளத்தில் விழுந்தால் அடித்தவர் அவுட், அவரேதான் இறங்கி எடுத்து வர வேண்டும். ஒருவர் அப்படி இறங்கி ஏறியதைப் பார்த்தேன், வெறுங்காலில், நாம் மாடிப்படி ஏறுவதுபோல. எத்தனையோ பெரிய ஸ்டேடியங்களை டிவியில் பார்த்திருக்கிறேன், எதிலும் இப்படி வாய் பிளந்து நின்றதில்லை.

பக்கத்துப் பக்கத்து இரண்டு ஊர்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மேட்ச். நாங்கள் போனபோது முதல் மேட்சின் கடைசிப் பந்து. லட்டு மாதிரி வந்த கேட்சை கோவிந்தன் என்பவர் கோட்டை விட்டார். முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவர் அணி தோற்றது. எனக்கே நாக்கு துறுதுறுத்தது, ரெண்டு வார்த்தை கேட்க. ஆனால் கேப்டன் வெள்ளையன் நேராகப் போய்ப் பந்தைக் கோவிந்தன் கையில் கொடுத்தார். அடுத்த மேட்சில் முதல் ஓவர் அவருக்காம். கேட்சை விட்டுத் தோற்க வைத்தவர்தான் அடுத்த ஆட்டத்தில் முதல் ஓவர் போட வேண்டும், இது அவர்கள் வழக்கம்.

எனக்குப் பொறுக்கவில்லை. இது இன்னா நியாயம் என்று வெள்ளையனிடமே கேட்டேன்.

"திட்டி அனுப்புனா அடுத்த வாரம் வரமாட்டாருக்கா," என்றார். "எங்கூர்ல ஆடறதே பதினோரு பேருதான். இவரும் வூட்லயே ஒக்காந்துட்டார்னா நாங்க யார எறக்கறது?"

பெரிய தத்துவம் எல்லாம் இல்லை, கணக்கு அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

இரண்டாவது மேட்சுக்கு அம்பயராக வெளியாள் நின்றால் சண்டை வராது என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். கிரிக்கெட் தெரியாதே என்றார். எண்ணத் தெரிந்தால் போதும் என்று கையில் ஆறு கூழாங்கல்லைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். பந்துக்கு ஒரு கல்லை அடுத்த கைக்கு மாற்ற வேண்டும். நான் இருபது அடி தள்ளிப் புளியமரத்தடியில்.

கோவிந்தன் மூன்று பந்து போட்டார். நாலாவதற்கு ஓடி வரும்போது யாரோ "நில்லு" என்று குரல் கொடுத்தார். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. ஓடி வந்தவர் பாதியில் நின்றார், மட்டையைத் தூக்கியவர் இறக்கி ஊன்றிக்கொண்டார். ஒரு பக்கம் பள்ளம் என்பதால், மேகம் விலகும் வரை யாரும் ஓர் அடி நகரக் கூடாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்துப் பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். ஸ்டம்ப் மறைந்தது, என் வீட்டுக்காரர் மறைந்தார், கடைசியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. காக்கை சத்தம்கூட இல்லை. நெற்றியில் ஈரம் முத்து முத்தாக உட்கார்ந்தது. உலகத்தில் நான் மட்டும் இருப்பதுபோல் ஒரு பயம், அதோடு சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷம். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

அப்போதுதான் வாய் திறந்தது. முகம் தெரியாததால் வந்த துணிச்சல்.

"இன்னாங்க, கேக்குதா? அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. அவங்க தோத்த கோவத்த உங்க மேல கொட்டிட்டேன். கடை போனதுக்கு ரோடுதான் காரணம், நீங்க இல்ல. அந்தக் கடைய எடுங்க. இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் யாருக்கும் தர மாட்டாங்களாம்."

என் மூச்சு எனக்கே கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, பள்ளத்துப் பக்கமிருந்து, அவருடையது அல்லாத ஒரு குரல் வந்தது.

"அம்பயர் அண்ணா, அக்கா கேக்கறாங்க இல்ல?"

அடக் கடவுளே! மைதானம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எங்கே ஓடுவது, நகரவே கூடாதே. மேகம் மெல்ல மெல்லக் கலைந்தபோது இரண்டு ஊர்க்காரர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் நிறுத்திய இடத்திலேயே நின்றார், வலது கையில் மூன்று கல், இடது கையில் மூன்று கல். கண் சிவந்திருந்தது. பத்து நாளுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இன்னும் மூணு பால் இருக்கு, தேவி. முடிச்சிட்டு வர்றேன். போன் பண்ணிட்லாம்."

கோவிந்தன் போட்ட நாலாவது பந்தில் நாலு ரன் அடித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஓவர் முடிந்ததும் அவர் கற்களை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஊரில் சிக்னல் கிடையாது. ஜமுனாமரத்தூர் வரை வந்துதான் போன் பேச முடிந்தது, அப்போது மணி 11.20. கடைக்காரர் திங்கட்கிழமை வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொன்னார். போளூரில் இறங்கி மத்தியானச் சாப்பாடு, இரண்டு பேருக்கு 220 ரூபாய். இந்த முறை அவர் காபியை முழுசாகக் குடித்தார்.

போகிறவர்களுக்கு: வண்டி பிரேக்கைப் பார்த்துவிட்டு ஏறுங்கள், போளூரிலேயே பெட்ரோல் நிரப்புங்கள், மழைக்குப் பிறகு போனால்தான் அருவி அருவியாக இருக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். ஊர்களுக்குள் போனால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். மேகம் வந்தால் நின்ற இடத்தில் நில்லுங்கள், பயப்படாதீர்கள், கால் மணியில் போய்விடும். அப்போது ஏதாவது பேசுவதாக இருந்தால், எல்லாருக்கும் கேட்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

நம்ம அணி அடுத்த தொடரை ஆட ஆரம்பித்துவிட்டது. வெட்கமில்லாமல் பார்க்கிறேன். அந்தச் சிவப்பு நாற்காலி இப்போது சத்துவாச்சாரிக் கடையில் இருக்கிறது. மேட்ச் அன்று நானும் அங்கே போய் போனில் பார்ப்பேன். யாராவது வந்தால் அவர் எழுந்து போவார், திரும்பி வந்து உட்காருவார், மறுபடி எழுந்திருப்பார். நேற்று அவர் எழுந்த அதே பந்தில் விக்கெட் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.