மழையில் மடித்த குடை

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ரயில் வந்த பிறகு பதுளைக்கு யார்தான் வருவதில்லை! ஊவா மாகாணத்தின் தலைநகரைச் சுற்றிப் பார்க்க இங்கிலாந்து, பர்மா மாணவர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரியும் என்பதால் அப்பா என்னைத் துணிக்கடையிலிருந்து எழுப்பி வழிகாட்ட அனுப்பிவிட்டார்.

கடைத்தெருவில் நல்ல மழை. எதிரே வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி மாரிமுத்து, வெள்ளைக்காரர்களைக் கண்டதும் குடையை மடித்துக்கொண்டு ஓரமாக நனைந்து நின்றார்.

"மழையில் ஏன் குடையை மடித்தார்? கேட்டுச் சொல்லுங்கள்," என்றாள் ஒரு வெள்ளைக்கார மாணவி.

துரைமார் முன்னால் தோட்டத்து ஆட்கள் குடை பிடிக்கக்கூடாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது! பின்னால் வெற்றிலைக் கடையில் மாரிமுத்துவை வேலை வாங்கும் கங்காணி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணோ அதே தோட்டத்துத் துரை பங்களாவில்தான் தங்கியிருக்கிறாள். மாரிமுத்து குறை சொன்னதாக ராத்திரிச் சாப்பாட்டில் வாய் தவறிச் சொன்னாளென்றால், நாளைக்கு மாரிமுத்து குடும்பத்துக்கு லயத்து வீட்டில் இடமிருக்காது.

வேறு வழியில்லாமல் கேட்டேன்.

மாரிமுத்து கங்காணியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "மழதான் விட்டுருச்சுங்களே," என்றார். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது.

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ஏன் மடித்திருக்கிறீர்கள்?"

அப்போதுதான் கவனித்தேன். ஸ்டேஷனில் அவர்கள் எதிரே வந்ததும் நான் மடித்த குடை, இன்னும் என் கக்கத்திலேயே இருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"மழைதான் விட்டுவிட்டதே," என்றேன்.

உங்கள் பக்கம் மழை எப்படி?